சினமும் சைவாசிரியரும்

சிவமயம்

சைவாசிரியர்களாகிய அன்பர்களே!

நாம் நாடோறும் வகுப்பறைக்குள் நுழையும்போது கையிற் கொண்டுசெல்லும் பொருள்கள் சில. புத்தகம் ஒன்று, வெண்கட்டி ஒன்று, இடாப்பு ஒன்று. இவை கண்ணுக்குப் புலப்படுவன. புலப்படாது நம்முடன் நுழைவது பிறிதொன்றுண்டு. அது காலையில் வீட்டிலும், வரும் வழியிலும், அதிபரது அறையிலும் நாம் ஈட்டிக்கொண்ட சினமாம். புத்தகத்தை மேசைமீது வைக்கின்றோம். சினத்தை எங்கே வைப்பதென்று அறிந்தோமில்லை. பெரும்பாலும் அது முதல் வாங்கிலிருக்கும் பிள்ளையின்மீது சென்று விழுகின்றது. ஆதலால், சினமாவது யாது, அஃது எங்கிருந்து தோன்றுவது, அதனை எவ்வாறு ஆளுவது என்னும் மூன்றனையும் சைவநூல் வழியானும், இக்கால ஆராய்ச்சி வழியானும், நம் அநுபவ வழியானும் இங்கே சிறிது ஆராய்வாம்.

இப்பொருள் ஆசிரியர்க்கு இன்றியமையாதது. என்னை? 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர் நமது சைவவித்தியாசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் பொறுப்பிலாயின. கட்டடமும் நிருவாகமும் கைமாறின. ஆயினும் சைவப் பிள்ளைக்குச் சைவத்தைக் கற்பிக்கும் கடமை சைவாசிரியர் கையிலேயே நின்றது. பிள்ளை திருமுறையை ஓதுமுன் ஆசிரியர் முகத்தை ஓதுகின்றது. அம்முகத்திலே சினம் எழுதப்பட்டிருக்குமாயின், அதனையே சைவமென்று படித்துக்கொண்டு வீடு செல்கின்றது.

திருவள்ளுவர் வெகுளாமையைத் திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். அதுகொண்டு, வெகுளாமை துறவிகட்கே உரியதென்றும், மனைவி மக்களோடு வாழ்ந்து சம்பளத்துக்குத் தொழில்புரியும் நம்போலியர்க்கு அஃது எட்டாததென்றும் சொல்வாரை நாம் கண்டதுண்டு. அவர் இல்லறவியலிலே 16ஆம் அதிகாரமாகப் பொறையுடைமை நிற்றலை மறந்தார் போலும். அன்றியும், ஆசிரியத் தொழில் இல்லறத்தானொருவன் குருவின் ஆசனத்திலே சில நாழிகை இருந்துசெய்யும் தொழிலாகும். ஆசனத்திலிருக்குந்துணையும் ஆசனத்தின் அறம் அவனைப் பற்றும்.

இனி, சினமாவது யாதெனின், காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என நூல்கள் எண்ணும் அறுவகைக் குற்றங்களுள் ஒன்றென்பது நாம் பிள்ளைகட்கு மனனஞ் செய்விப்பது. உடம்பின்கண் அது தொழிற்படும் முறையை இக்கால உடற்கூற்றறிஞர் விரித்துள்ளார். நமக்கு இடர்விளையுமென்றோ, இழிவு நேருமென்றோ தோன்றியவுடன், மூளையினுள்ளே அமிக்டலா என்னும் சிறுபகுதி விரைந்தெழுகின்றது. சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரீனலின் என்னும் நீரை இரத்தத்திற் கலக்கின்றன. இதயம் விரைந்தடிக்கின்றது, மூச்சுக் குறுகுகின்றது, தசைநார்கள் இறுகுகின்றன. நின்று நிதானித்து ஆராயும் ஆற்றல் நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளைப்பகுதியைப் பொறுத்தது. அவ்வேளையில் அதன் ஆட்சி தளர்கின்றது. ஓடவும் போரிடவும் இயற்கை அமைத்த இவ்வேற்பாடு, புலியை எதிர்ப்பட்டவனுக்கு வேண்டுவதே. வீட்டுக்கணக்குச் செய்யாது வந்த பத்து வயதுப் பிள்ளையை எதிர்ப்பட்டவனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இவ்வேற்பாடு அடிக்கடி எழுமாயின் எழுந்தவனையே வருத்தும். மாரடைப்புற்ற 1,623 பேரிடத்து அமெரிக்க நாட்டிலே செய்யப்பட்டு 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராராய்ச்சி, கடுஞ்சினங்கொண்ட பின்னர் இரண்டு மணி நேரத்துள் மாரடைப்பு நேரும் இயல்பு ஏனைப் பொழுதினும் 2.3 மடங்கு மிகுகின்றதெனக் கண்டது. ஆகவே பிள்ளையின்மீது எறியப்படும் சினம் எறிபவனது நெஞ்சிலும் தைக்கின்றதென அறிக.

இஃது உடம்பின் கதை. உடம்பு எழுப்பிய கொதிப்பைச் சினமாக ஆக்குவது எது? ஒருவன் தெரியாது நமது காலை மிதித்தால் நோகின்றது. தெரிந்து மிதித்தானென்று எண்ணினாற் சினம் எழுகின்றது. நோவு ஒன்றே. வேறுபட்டது, "என்னையா மிதித்தான்?" என்னும் எண்ணம். அந்த "என்னையா" என்பதன் வேர் ஆணவமலம் என்பது நமது சித்தாந்தம். இருள் பிற பொருளை மறைத்தாலும் தன் உருவையேனும் காட்டும். ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உணர்த்துவர். சினங்கொண்டவனைப் பாருங்கள். "ஐயா, சினக்கின்றீர்" என ஒருவர் சொன்னால், "நானா சினக்கிறேன்? நான் நியாயத்தையன்றோ சொல்கிறேன்!" என்று உரத்துக் கூவுவான். தன்னையும் காட்டாத இருள் என்றதன் பொருளை இதனினும் தெளிவாகக் காட்டுதற்கு வேறு உதாரணம் வேண்டுமோ?

ஆசிரியரது சினத்துக்கென்றே அமைந்ததுபோன்ற வரலாறொன்று நமது சந்தான மரபிலே வழங்குகின்றது. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஆகமங்களெல்லாம் கற்றுப் பல மாணாக்கர்க்குப் பாடஞ்சொன்னவர். மெய்கண்டாரது குடும்பத்துக்குக் குலகுருவுமானவர். திருவெண்ணெய்நல்லூரிலே சிறுபிள்ளையாகிய மெய்கண்டார் ஞானோபதேசஞ் செய்கின்றாரென்று கேட்டுத் தம் மாணாக்கர் அங்கே செல்லலாயினர். பண்டிதர்க்குச் சினம் மூண்டது. அப்பிள்ளையைத் தலைகுனிவிக்கக் கருதிச் சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினாவினார். மெய்கண்டார் வாய்திறந்து விடைகூறாது, சினத்தோடும் செருக்கோடும் எதிரே நின்ற பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கிய நோக்கினாலே, அவர் நின்ற நிலையே விடையென உணர்த்தினார். பண்டிதர் அந்நோக்கிலே தம்மைக் கண்டார். கண்டவுடனே அப்பிள்ளையின் பாதங்களில் வீழ்ந்தார். அவரே பின்னர் அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியாரை அருளிச்செய்தவர்.

இவ்வரலாற்றை நாம் வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கின்றோம். மெய்கண்டாரது பெருமையையே எடுத்துக்காட்டியும் இருக்கின்றோம். ஆசிரியராகிய நமக்கு இதிலே வேறொரு பாடமுண்டு. பண்டிதரது கல்வியிற் குறைவில்லை, வினாவிலும் பிழையில்லை. தம் மாணாக்கர் தம்மை விட்டுப் போயினர் என்பதே நோவு. அந்நோவு ஆணவத்தைச் சார்ந்து சினமாயிற்று. பின்னர் அச்சினமே ஆகமவினாவின் வேடம் பூண்டு வெளிப்பட்டது. நமது சினமும் பெரும்பாலும் நல்ல வேடத்திலேயே வெளிவரும். ஒழுக்கம் என்றும், பாடசாலையின் மானம் என்றும், சமயத்தின் மதிப்பு என்றும் பெயர்சூட்டிக்கொண்டு வரும். சிலபோது வேறு துயரங்கூடச் சினமாகி வெளிவருவதுண்டு. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே இழந்தவற்றை இன்னமும் நெஞ்சிற் சுமப்போர் நம்மில் எத்துணையர்! அழவேண்டிய இடத்து அழமுடியாதவர் சினக்கின்றனர். காரணத்தை அறிதல் நன்று. அறிந்தவளவிலே அச்சுமையைப் பிள்ளையின் தலைமீது இறக்குதற்கு உரிமையுண்டாகாது.

ஈண்டு நமது பிழையொன்றைச் சொல்லுதல் வேண்டும். பிறர்க்கு உபதேசிப்போர் தம் கணக்கை மறைத்தல் தகாது.

1995ஆம் ஆண்டு வைகாசி மாதம். நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்து இரண்டாம் ஆண்டு. திருஞானசம்பந்தர் குருபூசைக்கு முந்திய நாள், ஞானப்பாலுண்ட சரித்திரத்தை வகுப்பிலே உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உமாதேவியார் பொற்கிண்ணத்திற் பாலேந்தி வந்தருளிய இடத்தைச் சொல்லும்போது, இரண்டாம் வாங்கிலிருந்த சிறுவனொருவன் வாய்விட்டுச் சிரித்தான். நமது காது சுட்டது. சைவத்தைப் பரிகசிக்கின்றான் என்று தீர்மானித்தோம். ஒருவார்த்தையும் கேட்டிலோம், அவனை எழுப்பி இரு உள்ளங்கைகளிலும் பிரம்பால் அடித்தோம். வகுப்பு அடங்கியது. சரித்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொல்லி முடித்தோம். மணியடித்த பின்னர் வேறொரு பிள்ளை நம்மிடம் வந்து, "சேர், உங்களுக்குப் பின்னாலே கரும்பலகைக்கு மேலே அணிலொன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது" என்று மெல்லச் சொல்லிப் போயிற்று.

அன்பர்களே, நாம் அன்று சொல்லிக்கொண்டிருந்த சரித்திரம் யாதென எண்ணிப் பாருங்கள். சீகாழித் திருக்குளத்தில் நீராடி ஏறிய சிவபாதவிருதயர், மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாயிலே பால் வழியக் கண்டார். யாரோ இட்ட எச்சிற்பாலென எண்ணி வெகுண்டார். சிறு கோலொன்றையும் கையிலெடுத்து ஓங்கினார். ஆயினும், ஓங்கியவர் வினாவினார். பாலைத் தந்தவர் யாரெனக் காட்டும்படி கேட்டார். அவ்வினாவுக்கு விடையாகவன்றோ தேவாரத்தின் முதற்பதிகம் பிறந்தது! வினாவாது அக்கோல் விழுந்திருக்குமாயின், அப்பொழுதே இறைவியின் கையாற் பாலுண்ட வாயை அடித்த பழி அத்தந்தையைச் சேர்ந்திருக்கும். இதனைப் பிள்ளைகட்குச் சொல்லிக்கொண்டு நின்ற நாமே வினாவாது அடித்தோம். தந்தை செய்த பிழையிலே பாதியை அவர் தவிர்த்தார். நாம் முழுதும் செய்தோம்.

அச்சிறுவன் அதன்பின் சமயபாடத்திலே தவறியதில்லை. கேட்ட வினாவுக்கெல்லாம் விடை சொன்னான். பண்ணோடு பாடும்போது மாத்திரம் அவன் வாய் அசையவில்லை. சிவம் அன்புருவானது என்று ஒருநாள் நாம் விளக்கியபொழுது, ஏனைய பிள்ளைகள் நமது முகத்தைப் பார்த்தனர். அவன் நமது கையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று நமது உள்ளம் பலகாற் சொல்லிற்று. ஆசிரியன் மாணாக்கனிடம் கேட்பதாவது என்று நாணி நாட்கடத்தினோம். அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில், 30 ஒக்டோபர் 1995இல், வலிகாமத்து மக்களெல்லாம் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அவன் குடும்பமும் பெயர்ந்தது. பின்னர் அவனை நாம் கண்டிலோம். முப்பதாண்டு கழிந்தும் அக்கடன் தீர்க்கப்படாமலே நிற்கின்றது.

இவ்விடத்தே சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். "இறைவனும் சினந்தானன்றோ? காமனை எரித்தான், முப்புரத்தை அழித்தான். முருகப்பெருமான் சூரனைப் பிளந்தார். பெற்றோர் தம் புதல்வரை வளாரினால் அடித்துத் திருத்துதல் போல இறைவன் உயிர்களைத் தண்டித்துத் திருத்துவானென்று சிவஞானசித்தியாரே உவமை கூறுமன்றோ? ஆசிரியன் சினத்தலும் அவ்வாறே மறக்கருணையாகாதோ?" என்பர்.

நன்று வினாவினீர்கள். மறக்கருணை என்னுந் தொடரிலே நிற்கும் பெயர்ச்சொல் கருணையென்பதை முதலிற் கொள்க. கந்தசட்டியின் ஆறாம்நாள் நமது கோயில் வீதிகளிலே சூரன்போர் பார்க்கின்றோமே, அதன் முடிவு யாது? மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டான். பிளவு இரண்டும் மயிலும் சேவலுமாயின. ஒன்றை வாகனமாகவும் மற்றொன்றைக் கொடியாகவும் கொண்டு எந்நாளும் தம்முடன் வைத்தருளினார். தண்டத்தின் பின்னே தண்டிக்கப்பட்டவன் முன்னினும் அணுக்கனாதல் மறக்கருணைக்கு அடையாளமாம். நாம் அடித்த பிள்ளை நமக்கு அணுக்கனானானா, அகன்றானா என்று பார்த்தால், நமது தண்டம் எவ்வகையைச் சார்ந்ததென்பது வெளிப்படும். மேலும், இறைவன் மலமற்றவன். அவன் தண்டிப்பது தன்பொருட்டன்று. நாமோ மலத்தோடு கூடியவர். மலமுடையவன் மலமில்லானது தொழிலைத் தன்மேலேற்றிக்கொள்ளுதல் சித்தாந்தமாகாது. அது மற்றுமோர் ஆணவம்.

உலக வழக்கிலும் இதன் எல்லை வகுக்கப்பட்டுவிட்டது. நமது கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாற் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. மாணவனொருவன் ஆசிரியரால் அறையப்பட்டுச் செவிப்புலன் ஊறுற்ற வழக்கிலே, 2021ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அஃது அவனது அடிப்படை உரிமையை மீறிய செயலெனத் தீர்த்தது. சட்டத்துக்கு அஞ்சி அடியாதொழிவோர் பிரம்பை வைத்துவிட்டு நாவை எடுத்துக்கொள்வதும் உண்டு. நாவின் தழும்புக்குச் சுற்றுநிருபம் எட்டுவதில்லை. ஆதலிற் சட்டம் நிற்கும் இடத்திலிருந்தே சமயம் நம்மை மேலும் கொண்டுசெல்ல வேண்டியிருக்கின்றது.

அற்றேல், எல்லாச் சினமும் தீதோ எனின், அன்று. எளியவன் வருத்தப்படுதலைக் கண்டு உள்ளங் கொதியாதவனிடம் அறமுமில்லை. அத்தகைய கொதிப்பே பல சீர்திருத்தங்கட்கு வித்தாயிற்று. ஆயின் அறச்சினமென்று பெயர்சூட்டப்பட்ட எல்லாம் அறச்சினமாகா. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்திலிருத்தல் வேண்டுமென்னும் முயற்சி 1920களின் இறுதியிலே எழுந்தது. அதனைப் பொறாதார் அதனையடுத்த ஆண்டுகளிற் பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீவைத்தனர். அவரும் ஆசாரத்தைக் காக்கவே சினந்ததாகச் சொல்லியிருப்பர். ஓர் உரைகல் தருகின்றோம்: நமது சினத்தால் வருந்துபவன் நம்மினும் வலியனா, எளியனா? வலியவன் முன் அடங்கி எளியவன் முன் மாத்திரம் எழும் சினம் எவ்வளவு உயர்ந்த பெயர் சூடினும் அறச்சினமாகாது. அதிபரிடம் விழுங்கியதை ஐந்தாம் வகுப்பிலே உமிழ்கின்றோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்க.

இனி, சினத்தை ஆளும் முறையை ஆராய்வாம். உலகத்தார் இருவழி சொல்வர். ஒருசாரார், "உள்ளே வைத்திருத்தல் கேடு, கொட்டிவிட்டால் ஆறும்" என்பர். மற்றொருசாரார், "வாய்மூடி அடக்கிவிடு" என்பர். இரண்டும் குறையுடையன.

கொட்டினால் ஆறுமென்பதை அமெரிக்க உளநூலறிஞர் பிராட் புஷ்மன் என்பார் சோதித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார். சினமூட்டப்பட்டவருள் ஒருசாரார், சினமூட்டியவனை நினைந்துகொண்டு குத்துப்பையைக் குத்தினர். ஒருசாரார் ஒன்றுஞ் செய்யாது அமர்ந்திருந்தனர். குத்தினோரது சினம் ஆறவில்லை; அவரே மிகுதியாகச் சினந்தனர். அவரும் மற்றொருவரும் 154 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்தது. உடம்பின் கொதிப்பைத் தணிக்கும் ஆழ்ந்த மூச்சு, தியானம், யோகம் முதலியன சினத்தைக் குறைக்கின்றன. கொதிப்பை ஏற்றுஞ் செயல்கள் பொதுவிற் குறைப்பதில்லை. அடுப்பிலே தீ மிகுந்தால் விறகை வெளியே இழுப்பார்களன்றி, அதனை எடுத்து வேலியில் எறிவாரில்லை. கிடுகுவேலியிற் பற்றினால் அயல்வீடும் எரியும்.

வாய்மூடி அடக்குதலோ உமியிட்ட தீயை ஒக்கும். மேலே சாம்பல், உள்ளே கனல். முகத்திற் சிரிப்போடு இடாப்பிலே ஒரு பிள்ளையின் பெயரைக் காணுந்தோறும் உள்ளங் கசப்பவர் சினத்தை ஆண்டவராகார். அது புள்ளியிடும்போது வெளிப்படும், தெரிவிலே வெளிப்படும், அரைச்சொல்லிலே வெளிப்படும்.

கொட்டாமலும் புதைக்காமலும் தணித்து, அறிந்து, வேண்டிய அளவே நன்மொழியாற் சொல்லுதல் நடுவழியாம். அதற்கு நாம் கைக்கொண்டு பயன்கண்ட சில முறைகளைக் கூறுவாம்.

முதலாவது, தன் சினத்தின் முதற்குறியை அறிதல். நமக்குக் காது சுடும். ஒருவர்க்குத் தாடை இறுகும். ஒருவர்க்குக் குரல் மேலெழும். அக்குறி தோன்றியவுடன், "சினம் வருகின்றது" என உள்ளே பெயர்சொல்லி அழைத்தல் வேண்டும். தன்னைக் காட்டாத இருளுக்கு இது முதல் விளக்கு.

இரண்டாவது, மூச்சை நெடிதாக விடுதல். நாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே கணிதம் கற்பித்த கிறித்தவ ஆசிரியர் ஒருவர், வகுப்பு எல்லைமீறும்போது வெண்கட்டியை மேசைமீது வைப்பார். கண்ணை மூடிச் சிறிதுநேரம் அசையாது நிற்பார். பின்னர்த் தாழ்ந்த குரலிற் பேசுவார். அவர் வெண்கட்டியை வைக்கும் ஓசைக்கே நாம் அடங்குவோம். அவர் தமது ஆண்டவனை நினைந்திருப்பார் போலும். நல்லதைப் பிற சமயத்தவரிடங் கண்டோமென்று சொல்ல நாம் நாணவேண்டுவதில்லை. நாவலர்பெருமானும் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கே கற்பித்தும், 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். நாமும் அவ்வாசிரியர் செய்தவாறே வெண்கட்டியை வைத்து, ஐந்துமுறை மூச்சை மெல்ல வெளிவிட்டு, ஒவ்வொன்றிலும் திருவைந்தெழுத்தை மானதமாகக் கணிக்கின்றோம். உள்வாங்குதலினும் வெளிவிடுதல் நீளுமாயின் இதயத்துடிப்புத் தணியுமென்பது உடற்கூற்றுண்மை. மந்திரத்தைச் சினத்துக்கு மருந்தாக்கலாமோ எனின், நோயுற்றவன் தாயை அழைப்பதை எந்தத் தாயும் குற்றமென்று கொள்ளமாட்டாள்.

மூன்றாவது, வினாவுதல். "ஏன் சிரித்தாய்?" என்று கேட்பதற்கு ஒரு கணமே வேண்டும். கேட்கும் குரலும் வினாவின் குரலாதல் வேண்டும், தீர்ப்பின் குரலாகலாகாது.

நான்காவது, காலந்தாழ்த்தல். தண்டம் வேண்டுமெனத் தோன்றினால், அதனை மறுநாட் காலைக்கு வைத்துக்கொள்க. மறுநாளும் வேண்டியதென்று தோன்றுவது உண்மையில் வேண்டியதாயிருக்கும். பெரும்பாலும் தோன்றாது.

ஐந்தாவது, செயலைக் கடிந்து ஆளைக் கடியாமை. "இக்கணக்குப் பிழை, திரும்பச் செய்" என்பது கற்பித்தல். "நீ மொக்கன்" என்பது சாபம். முன்னையது கரும்பலகையோடு அழிந்துபோம். பின்னையது அப்பிள்ளை தன் பிள்ளையைப் பெற்றெடுத்த பின்னரும் அதன் செவியில் ஒலிக்கும். சினத்தை மறைக்கவேண்டுவதில்லை. "நீ செய்தது எனக்கு வருத்தந் தருகின்றது, இன்ன காரணத்தால்" என்று நடுங்காத குரலிற் சொல்லலாம். சினம் வந்தாலும் இழித்துரையாமற் பேசலாமென்பதைப் பிள்ளை அன்று கற்றுக்கொள்ளும்.

ஆறாவது, உடம்பைப் பேணுதல். பசியோடும் உறக்கமின்மையோடும் வகுப்பிற் புகுபவன் பாதிச்சினத்தோடு புகுகின்றான். காலை உணவும் இரவுறக்கமும் ஆசிரியனுக்கு ஒழுக்கத்தின் பகுதியாம். மனச்சுமை மிகின் நம்பத்தக்க நண்பரிடம் சொல்லலாம். தீராவிடின் உளவைத்தியரை நாடுதலும் இழுக்கன்று.

ஏழாவது, மாலையில் ஆராய்தல். சந்தியாவந்தனம் முடிந்தபின், அன்று எவரைச் சினந்தோம், எதனைக் காத்தற்குச் சினந்தோம் என்று இறைவன் திருமுன்னிலையில் எண்ணுக. பிள்ளையின் நன்மையையா, நமது மதிப்பையா? அங்கே வேடம் செல்லாது.

எட்டாவது, மன்னிப்புக் கேட்டல். இதனையே நாம் எல்லாவற்றினும் வற்புறுத்துகின்றோம். பிழைபட்டது தெரிந்தால் மறுநாளே, எந்த வகுப்பின் முன்னிலையில் இழிவுசெய்தோமோ அவ்வகுப்பின் முன்னிலையிலேயே, "நேற்று நான் விசாரியாது உன்னைக் கடிந்தேன், அது பிழை" என்று சொல்லிவிடுக. ஆசிரியனது மதிப்பு இதனாற் குறையாது. சகலாகம பண்டிதர் ஒரு பிள்ளையின் பாதத்தில் வீழ்ந்தார். அதனால் அவர் பெருமை குறைந்ததோ? வீழ்ந்த பின்னரன்றோ அவர் சந்தானகுரவருள் இரண்டாமவராயினார். நாளைக்குச் சொல்வோமென்று வைத்திருப்பது எத்துணை அபாயமென்பதை 1995ஆம் ஆண்டு ஐப்பசி நமக்குக் கற்பித்தது. பிள்ளை நாளையும் அவ்வாங்கிலே இருக்குமென்பதற்கு எவர் உறுதி சொல்லவல்லார்?

முடிவாக ஒரு சரித்திரம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள்நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, புத்தகக் கட்டினுள்ளே வாளை ஒளித்து, ஆகமம் உபதேசிப்பவன் போல அந்தப்புரத்திற் புகுந்து அவரைக் குத்தினான். காவலனாகிய தத்தன் பாய்ந்து வந்தான். நாயனார் குருதி சோர வீழுங்காலத்தும் தத்தனைத் தடுத்து, தவவேடம் பூண்ட அவனுக்கு எவராலும் தீங்கு நேராதபடி நகரெல்லை கடத்திவிட்டு வரப் பணித்தார். அவன் இடையூறின்றிப் போயினான் என்னுஞ் செய்தியைத் தத்தன் வந்து சொல்லுமளவும் உயிர்தாங்கியிருந்தார். திருநீற்றைக் கண்டவிடத்துச் சிவத்தையே கண்ட அன்பு, வாளைக் கண்டவிடத்தும் மாறவில்லை.

அன்பர்களே! அத்துணைப் பெரும்பொறையை நம்மிடம் எவரும் வேண்டினாரில்லை. நமக்கு எதிரே நிற்பவன் வாளோடு வந்த பகைவனல்லன். நெற்றியிலே தாய் இட்டுவிட்ட திருநீறு கலையாது வந்த சிறுபிள்ளை. அவன் செய்த குற்றமெல்லாம் ஓர் அணிலைப் பார்த்துச் சிரித்ததே. நாளைக் காலையில் வகுப்பறை வாயிலை அடையும்போது ஒரு கணம் நின்று, புத்தகமும் வெண்கட்டியும் இடாப்புமே கையிலுள்ளனவா என்று பார்த்து, உடன்வந்த மற்றையதை வாயிலிலேயே இறக்கிவைத்து உட்புகுவோமாக. மறந்து உள்ளே கொண்டுபோய்விட்டோமாயின், அன்று மாலைக்குள் அப்பிள்ளையை அழைத்துப் பேசுவோமாக. அதற்கு வேண்டிய அறிவையும் பணிவையும் சிவபெருமான் நமக்கு அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்